பவுண்டரிக்குள்ள மரம் இருந்தா என்ன ரூல்? கேன்டர்பரி கிரவுண்டு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

நாகலூர் ரோடு

வணக்கங்க. ஏற்காட்டுல நாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் கிரவுண்டை ஊர்ப் பசங்க சேர்ந்து சரிபண்ணிட்டு இருக்கோம். வர்ற ஜனவரியில எட்டு அணி வச்சு லெதர் பந்துல 20 ஓவர் போட்டி நடத்தத் திட்டம். பிட்ச் நடுவுல இருந்து பவுண்டரிக் கயிறு வரைக்கும் சுத்தி 61 மீட்டர் கிடைக்குது. ஒரே சிக்கல், மிட்விக்கெட் பக்கம் 54 மீட்டர்ல ஒரு சில்வர் ஓக் நிக்குது. நெஞ்சு உயரத்துல சுத்தளவு 188 செ.மீ. காப்பிக்கு நிழலுக்காக வச்சது. கூட நின்னதெல்லாம் போயி இது ஒண்ணுதான் மிச்சம்.

வெட்டிடலாம்னு பாதிப் பேரு, கயிறை மரத்துக்கு முன்னாடி இழுத்துடலாம்னு மீதிப் பேரு. இங்கிலாந்துல கேன்டர்பரி கிரவுண்டுல ஒரு எலுமிச்சை மரத்தை உள்ளயே வச்சு நூறு வருசத்துக்கு மேல ஆடினாங்கன்னு கேள்விப்பட்டோம். அங்க அதை எப்படி வச்சிருந்தாங்க, மரத்துல பட்டா எத்தனை ரன், கேட்ச் பிடிச்சா அவுட்டா, கடைசியில அந்த மரம் என்னாச்சு? நம்ம மரத்தை வச்சுக்கணும்னா என்ன பண்ணணும்? விவரமா சொன்னா கூட்டத்துல எடுத்துப் பேச வசதியா இருக்கும்.

அஸ்தம்பட்டி ஸ்கோர்புக்

முதலில் ஒரு திருத்தம். அது எலுமிச்சை மரம் இல்லை. ஆங்கிலத்தில் லைம் என்ற ஒரே சொல் எலுமிச்சை வகைக்கும் சுண்ணாம்புக்கும் இந்த மரத்துக்கும் சேர்த்து நடக்கிறது. இது லிண்டன் என்றும் அழைக்கப்படும் டிலியா இனத்து மரம். நன்றாக ஓங்கி வளரும், குளிர்காலத்தில் இலை முழுக்க உதிர்ந்துவிடும். இலை இதய வடிவம், நம் பூவரச இலையைப் பார்ப்பது போல இருக்கும். தாவரவியல்படியும் பூவரசு, பருத்தி, இலவு எல்லாம் சேர்ந்த மால்வேசி குடும்பத்தில்தான் இதை வைக்கிறார்கள். ஆகவே கூட்டத்தில் பேசும்போது எலுமிச்சை என்று சொல்லாதீர்கள். எலுமிச்சைச் செடியைச் சுற்றி யார் கிரிக்கெட் ஆடியிருப்பார்கள் என்று கேட்டுவிடுவார்கள்.

மைதானத்தின் பெயர் செயின்ட் லாரன்ஸ் கிரவுண்டு. கேன்டர்பரியில் ஓல்டு டோவர் சாலையில் இருக்கிறது, கென்ட் கவுண்டி அணியின் தலைமை இடம். கேன்டர்பரி வாரம் என்ற கிரிக்கெட் திருவிழா 1842-ல் பெவர்லி மைதானத்தில் தொடங்கி, 1847-ல் இந்த இடத்துக்கு மாறியது. 2005-ல் விழுந்தபோது மரத்துக்குச் சுமார் 200 வயது என்று கணக்கிட்டார்கள். அப்படியானால் மைதானம் வந்தபோது அது நாற்பது வயது வாலிப மரம். மரம் முதலில், மைதானம் பிறகு. உங்கள் சில்வர் ஓக்கின் நிலையும் இதுதான்.

அதை ஏன் அப்போதே வெட்டவில்லை என்றால், 1847-ல் அது யாருக்கும் இடைஞ்சலாகப் படக் காரணமே இல்லை. பவுண்டரி என்ற வழக்கம் அன்றைக்கு ஊன்றவில்லை. அடித்த பந்தைத் துரத்தி எடுத்து எறியும்வரை ஓடிச் சேர்த்ததுதான் ரன். மரம் ஆட்டத்துக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற கேள்வியே எல்லைக்கோடு வந்த பிறகு எழுந்தது. அதற்குள் மரம் பெரிதாகி, மைதானத்தின் அடையாளமாகிவிட்டது. கோட்டை மரத்துக்கு முன்னால் கொண்டுவராமல், மரத்தையே ஒரு பவுண்டரியாக ஏற்றுக்கொண்டார்கள். மரத்தின் எந்தப் பகுதியில் பந்து பட்டாலும் 4 ரன். வேர்முண்டில் பட்டாலும், அடிமரத்தில் பட்டாலும், உச்சி இலையில் உரசினாலும் 4-தான். படாமல் மேலே பறந்து கோட்டைத் தாண்டினால் மட்டும் 6.

அப்படித் தாண்டி அடித்தவர்களாகப் பதிவில் இருப்பது நான்கே பேர். சசெக்ஸின் ஆர்தர் வாட்சன் 1925, வெஸ்ட் இண்டீஸின் லியரி கான்ஸ்டன்டைன் 1928, மிடில்செக்ஸின் ஜிம் ஸ்மித் 1939, கென்டுக்கே ஆடிய கார்ல் ஹூப்பர் 1992. நால்வருமே 1910-க்குப் பிந்தியவர்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த ஆண்டு வரை இங்கிலாந்தில் எல்லைக்கோட்டைத் தாண்டினால் போதாது, பந்து மைதானத்தை விட்டே வெளியே போனால்தான் ஆறு. அதற்கு முன் யாராவது மரத்தின் மேலே தூக்கி அடித்திருந்தாலும் ஸ்கோர் புத்தகத்தில் அது நாலாக எழுதப்பட்டு மறைந்திருக்கும்.

பழைய விதியில் எப்படி ரன் சேர்ந்தது என்பதற்கு இதே மைதானம் நல்ல சாட்சி. 1876 ஆகஸ்டில் எம்.சி.சி.க்காக (கிரிக்கெட் சட்டங்களை எழுதும் மேரில்போன் கிரிக்கெட் கிளப்) கென்டுக்கு எதிராக டபிள்யூ. ஜி. கிரேஸ் 344 அடித்தார். முதல்தர கிரிக்கெட்டின் முதல் முச்சதம் அது. கென்ட் 473 எடுத்து, எம்.சி.சி.யை 144-க்குச் சுருட்டி மறுபடி ஆடவிட்டிருந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் எம்.சி.சி. 9 விக்கெட்டுக்கு 557. கிரேஸின் கணக்கு: 51 நான்கு, 8 மூன்று, 20 இரண்டு, 76 ஒற்றை. கூட்டிப் பாருங்கள், 344 சரியாக வரும், சிக்ஸர் ஒன்றுகூட இல்லாமல். ஒரே இன்னிங்ஸில் எட்டு மூன்றுகள் ஓடியிருக்கிறார் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

1896-ல் கென்ட் கிளப் இந்த மைதானத்தை 4,500 பவுண்டுக்குச் சொந்தமாக வாங்கியது. மரம் பிழைத்ததில் இதற்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். வாடகை நிலமாகவே இருந்திருந்தால் மரம் யாருடைய முடிவு என்பதே தகராறாகியிருக்கும். பத்தே ஆண்டில், 1906-ல், கென்ட் முதல் முறையாகக் கவுண்டி சாம்பியன். அதைக் கொண்டாட இந்த மைதானத்தில் நடந்த லங்காஷயர் ஆட்டத்தை ஓவியமாகத் தீட்டச் செய்தார்கள். அதில் பந்து வீசுபவர் காலின் பிளைத். 1907-ல் நார்தாம்ப்டனில் ஒரே நாளில் 17 விக்கெட் எடுத்த இடதுகைச் சுழலர் அவர். முதல் உலகப் போரில், 1917 நவம்பரில் பாஷன்டேல் போர்முனையில் இறந்தார். அவருக்கான நினைவுத் தூண் மைதானத்தில் இருக்கிறது.

அந்த ஓவியத்துக்கு ஏற்பாடு செய்தவர் நாலாவது ஹாரிஸ் பிரபு. நம் பக்கத்துக்கு அந்தக் குடும்பம் அன்னியமில்லை. முதல் ஹாரிஸ்தான் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட தளபதி, பட்டமே 'ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் ஹாரிஸ்' என்றுதான். அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1792 உடன்படிக்கையில், திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பெனி கைக்குப் போயிருந்தன. மூன்றாவது ஹாரிஸ் 1854 முதல் 1859 வரை சென்னை மாகாண கவர்னர், சேலம் ஜில்லாவும் அவர் ஆளுகையில்தான் இருந்தது. அவருடைய மகன்தான் கென்டின் கேப்டன், பின்னாளில் 1890 முதல் 1895 வரை பம்பாய் கவர்னர்.

மரத்தின் கடைசிக் காலம். 1990-களின் பிற்பகுதியில் வைரக்கட்டையைத் தின்னும் பூஞ்சை இருப்பது தெரிந்தது. கிளப் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கிளைகளைக் குறைத்துச் சுமையை இறக்கினார்கள். அதோடு 1999-லேயே மாற்றுக் கன்று ஒன்றையும் நட்டுவிட்டார்கள். 1999 மே மாதம் உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் கென்யாவும் இங்கே ஆடியபோது பழைய மரம் நின்றது. 2005 ஜனவரி 7 அன்று பலத்த காற்றில் முறிந்து விழுந்தது. மார்ச் 8-ல் புதிய லைம் மரம் அந்த இடத்தை ஏற்றது. இடையில் இரண்டு மாதம்தான் ஆனது. கன்று ஆறு வருடமாகத் தயாராக இருந்ததுதான் காரணம்.

கோரிமேடு அம்பயர்

வரலாறு அருமைங்க. நான் ரூல் மட்டும் சொல்றேன். இதுல ஒரு வார்த்தை தவறினா ஜனவரியில கிரவுண்டுலயே சண்டை வரும்.

எம்.சி.சி. சட்டத்துல 19-ஆவது விதி பவுண்டரியைப் பத்தினது. டாஸுக்கு முன்னாடி எல்லை எதுன்னு அம்பயர்கள் முழுசா தீர்மானிச்சிடணும். உள்ள இருக்குற மரம், கம்பம் மாதிரி தடை எதுவா இருந்தாலும், டாஸுக்கு முன்னாடி அம்பயர் பவுண்டரின்னு அறிவிச்சாத்தான் அது பவுண்டரி. அறிவிக்கலைன்னா அது வெறும் மரம், பந்து அதுல பட்டும் ஆட்டம் ஓடிட்டே இருக்கும். நாலா ஆறாங்கிறதை ரெண்டு கேப்டனோட பேசி முடிவு பண்ணணும், அந்த மைதானத்து வழக்கம்தான் வழிகாட்டி. கேன்டர்பரியோட 4 ரன் இந்த வழியாத்தான் வந்துச்சு. அதனால உங்க கிரவுண்டுலயும் முதல் போட்டியில இருந்தே ஒரே வழக்கமா வையுங்க.

அறிவிக்காம விட்டா என்ன ஆகும்? கேட்ச் பத்தின 33-ஆவது விதி தெளிவா சொல்லுது: பவுண்டரின்னு அறிவிக்கப்படாத ஒரு தடையில பட்டு வர்ற பந்தைத் தரையில விழுறதுக்குள்ள பிடிச்சா அது சரியான கேட்ச். சில்வர் ஓக் கிளையில பட்டு நேரா கீழ விழுற பந்து பீல்டருக்கு லட்டு மாதிரி. 54 மீட்டருக்குச் சுத்தமா தூக்கி அடிச்சவன் அவுட் ஆகி வெளிய வருவான். சட்டப்படி சரி, ஆனா பாக்குற கூட்டம் ஒத்துக்காது.

பந்து கிளையில மாட்டிக்கிட்டா அடுத்த தலைவலி. 2017-க்கு முன்னாடி 'லாஸ்ட் பால்'னு தனி விதியே இருந்துச்சு, பீல்டிங் பண்றவங்க அப்படிக் கூப்பிட்டா 6 ரன். நம்ம ஊரு டென்னிஸ் பந்துப் போட்டிகள்ல இன்னைக்கும் அந்தப் பழக்கத்துலயே கேப்பாங்க. இப்ப அந்த விதி தனியா இல்லை. பந்தை மீட்க முடியாதுன்னு அம்பயருக்குத் திருப்தியானா டெட் பால், அதாவது ஆட்டம் அந்த இடத்துல நிக்கும். அதுவரைக்கும் ஓடி முடிச்ச ரன் கணக்குல வரும், ஓடிட்டு இருக்குறப்ப ரெண்டு பேரும் கடந்திருந்தா அந்த ரன்னும் சேரும். பீல்டர் கல்லை விட்டெறிஞ்சு பந்தைத் தட்டி விடுறதுக்குள்ள பேட்ஸ்மேன் அஞ்சாறு ஓடிடுவான்.

அதனால பவுண்டரின்னு அறிவிச்சிடுங்க. போர்டுல இந்த வாசகத்தை அப்படியே எழுதி வையுங்க:

"மிட்விக்கெட் பக்கமுள்ள சில்வர் ஓக் மரம் பவுண்டரி ஆகும். அடிமரம், கிளை, இலை, வெளியே தெரியும் வேர், மரத்தைச் சுற்றிய வெள்ளை வட்டம் ஆகிய எதில் பந்து பட்டாலும் 4 ரன். நேராகப் பறந்து பட்டாலும் 4 ரன் மட்டுமே. மரத்தில் பட்ட பந்தைப் பிடித்தால் கேட்ச் இல்லை. மரத்தில் படாமல் பறந்து கயிற்றைத் தாண்டினால் 6 ரன். பந்து கையில் இருக்கும்போது பீல்டர் மரத்தைத் தொட்டாலும் வட்டத்துக்குள் கால் வைத்தாலும் 4 ரன்."

மரத்துல பட்டுத் தெறிச்சு கயிறைத் தாண்டி விழுந்தா ஆறு கேப்பாங்க. கிடையாது. பவுண்டரியைத் தொட்ட நொடியே பந்து டெட். ஓவர்த்ரோ போய் மரத்துல பட்டா, கயிறுக்குப் போன மாதிரியேதான்: 4 ரன், அதோட முடிச்ச ரன், எறிஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் கடந்திருந்தா ஓடிட்டிருந்த ரன்னும். நோ பால்ல அடிச்சது பட்டா நோ பால் ரன் தனி.

இலையில உரசுச்சா இல்லையான்னு சந்தேகம் வரும், அதுவும் மலையில காத்துக்கு இலை எப்பவும் ஆடிட்டுத்தான் இருக்கும். ரெண்டு அம்பயருக்கும் நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் 'பட்டது', இல்லைன்னா படலை. இதையும் கேப்டன்கள்கிட்ட டாஸுக்கு முன்னாடியே சொல்லிடணும். ஏற்காட்டுல மூடுபனி இறங்கி மரத்து உச்சியே தெரியலைன்னா மரத்துக்காகக் கவலைப்பட வேண்டாம், அந்த வெளிச்சத்துல லெதர் பந்துல ஆடவே கூடாது.

கயிறை மரத்துக்கு முன்னாடி இழுக்குற யோசனை சட்டப்படி தப்பில்லை. ஆனா அந்தப் பக்கம் 61 இருந்தது 52 ஆகிடும். சர்வதேசப் போட்டிக்குக் குறைஞ்சபட்சம் பிட்ச் நடுவுல இருந்து 65 கெஜம், அதாவது 59.43 மீட்டர். உள்ளூர்ப் போட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லைதான், ஆனா ஒரு பக்கம் மட்டும் 52 இருந்தா எல்லா பேட்ஸ்மேனும் அங்கயே இழுத்து அடிப்பான், லெக் ஸ்டம்புல போடுற பவுலருக்குத்தான் தண்டனை. மரத்தை உள்ள வச்சா அதே பக்கம் அடிக்கக் கஷ்டமாகும். ஆட்டத்துக்கு அதுதான் நல்லது.

நாகலூர் ரோடு

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. வாசகத்தை அப்படியே எடுத்துக்குறோம். அந்த வெள்ளை வட்டத்துக்கு எவ்வளவு ஆரம் வைக்கலாம்? மரத்தடியில புல்லே வரமாட்டேங்குது, வேர் மேல தெரியுது. மண்ணு கொட்டி மேடாக்கிடலாமான்னு பசங்க கேக்குறாங்க. 500 கிலோ ரோலர் ஒண்ணு வாடகைக்கு வருது. மரத்துல மிளகுக்கொடி வேற ஏறியிருக்கு.

சேர்வராயன் நாற்றங்கால்

தம்பி, மண் கொட்டாதீங்க, ரோலரைக் கிட்ட விடாதீங்க. இந்த ரெண்டும்தான் மைதானத்து மரங்களைக் கொல்லும். சத்தமில்லாம நடக்குறதால யாருக்கும் தெரியாது. மூணு நாலு வருசம் கழிச்சு உச்சி காயும்போது காரணம் மறந்து போயிருக்கும்.

சுற்றளவு 188 என்றால் விட்டம் 60 செ.மீ. இங்கிலாந்தில் கட்டுமான இடங்களில் மரத்தைக் காக்கப் பயன்படுத்தும் கணக்கு, விட்டத்தின் 12 மடங்கு ஆரம். உங்களுக்கு 7.2 மீட்டர். மூச்சு விடும் வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணில்தான் பரவியிருக்கும். அங்கே ரோலர் ஏறினால் மண்ணுக்குள் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டு வேர் மூச்சுத் திணறும், மழைநீரும் இறங்காது. மரம் 54 மீட்டரில், கயிறு 61-ல். ஆகவே மரத்திலிருந்து கயிறு வரை ரோலருக்கு வேலையே இல்லை. உள்பக்கமும் மரத்துக்கு 7 மீட்டர் முன்னால் நிறுத்திவிடுங்கள். அவுட்ஃபீல்டின் அந்தத் துண்டை மழை பெய்த மறுநாள் கைரோலரால் லேசாக ஒரு ஓட்டு ஓட்டினால் போதும், ஈரம் சொதசொத என்று இருக்கும்போது அதுவும் கூடாது.

அடிமரத்தைச் சுற்றி மண் மேடாக்கினால் பட்டை எப்போதும் ஈரமாகவே இருந்து அழுகும். அடிமரம் தரையில் சேரும் இடத்தில் கொஞ்சம் விரிந்து இருக்கும் பாருங்க, அந்த விரிவு எப்போதும் வெளியே தெரிய வேண்டும். வெளியே தெரியும் வேரை வெட்டவும் கூடாது. பந்து அதில் பட்டு எகிறும் என்பதற்காகத்தான் வட்டம். இரண்டு மீட்டர் ஆரம் போதும், அதற்குள் காப்பித்தொலியை இரண்டு அங்குலம் பரப்பிவிடுங்கள், அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் விட்டு. மட்கிய தொலியாக இருக்கட்டும், பச்சைத்தொலி சூடேறும். வட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேர் இருந்தால் மணலும் மட்கும் கலந்து ஒரு அங்குலம் மட்டும் தூவிச் சமப்படுத்தலாம்.

புல் வராததற்குக் காரணம் நிழல். அருகம்புல்லுக்கு முழு வெயில் வேண்டும், மரத்தடியில் அது எப்போதும் நைந்துதான் போகும். அகல இலை உள்ள பஃபலோ கிராஸ் நிழலைத் தாங்கும். அதன் தண்டுகளை முக்கால் அடி இடைவெளியில் ஊன்றினால் ஒரு மழைக்காலத்தில் மூடிவிடும். ஜனவரிக்குள் வராவிட்டால் வெறும் மண்ணாகவே விடுங்கள்.

சில்வர் ஓக் பற்றி ஒரு எச்சரிக்கை. லைம் மரம் போல இது நூற்றாண்டு பொறுக்கும் கட்டை இல்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை மரம். நேராக, வேகமாக வளரும். கிளை உடையும் தன்மை உண்டு. தோட்டத்தில் வருடா வருடம் கழித்த மரமாக இருந்தால், வெட்டுவாயில் கொத்தாகக் கிளம்பிய போத்துகள் இருக்கும். அவை மேலோட்டமாக ஒட்டியிருப்பவை, காற்றில் முதலில் அவைதான் விழும். கொத்துக்கு ஒன்றிரண்டு நல்லதாக விட்டு மற்றதை எடுங்கள். காய்ந்த கிளையை ஐப்பசி மழைக்கு முன்பே இறக்கிவிட வேண்டும், ஜனவரி வரை காத்திருக்காதீர்கள். தரையிலிருந்து 8 அடிக்குக் கீழே கிளை எதுவும் வேண்டாம், பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வரும் பீல்டரின் கண்ணுக்கு ஆபத்து.

கனத்த கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் பாதி அறுபட்டதும் தன் பாரத்தில் பட்டையை உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டு போடுங்கள். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழம். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து முழு வெட்டு, கிளை விழுந்துவிடும். மீதிக் குச்சத்தை, கிளை சேரும் இடத்தில் இருக்கும் வீங்கிய வளையத்துக்கு வெளியே அறுக்க வேண்டும். வளையத்தை வெட்டினால் காயம் மூடாது, குச்சத்தை நீளமாக விட்டாலும் மூடாது. தார் பூச வேண்டாம், சாணியும் வேண்டாம். உச்சியை மொட்டையடிக்கவே கூடாது, பூஞ்சை இறங்க அதைவிட நல்ல வாசல் கிடையாது. ஒரே தடவையில் தழையில் கால்வாசிக்கு மேல் எடுக்காதீர்கள்.

கேன்டர்பரியில் வந்த வைரக்கட்டை அழுகல் இங்கும் வரும். மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தரையிலிருந்து ஆளுயரம் வரை தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் 'டக்'கென்றும், பொந்தான இடம் பறைபோலவும் கேட்கும். அடியில் அலமாரித் தட்டு மாதிரி காளான் முளைத்திருந்தால் உள்ளே வேலை ரொம்ப நாளாக நடக்கிறது என்று அர்த்தம். பொந்து இருந்தாலே மரம் போய்விட்டதென்று இல்லை. ஆரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நல்ல கட்டையாகச் சுற்றிலும் இருந்தால் தாங்கும். உங்கள் மரத்துக்கு 10 செ.மீ. அதற்குக் குறைந்தால் கீழே ஆட்களை நிறுத்தி ஆடக் கூடாது. பொந்துக்குள் சிமென்ட் நிரப்புவது நம் ஊரில் பழக்கம். மரம் ஆடும், சிமென்ட் ஆடாது. இடுக்கில் தண்ணீர் நின்று அழுகல் வேகமாகும்.

மிளகுக்கொடியைத் தரையிலிருந்து பத்தடி உயரம் வரை எடுத்துவிடுங்கள். காளானையும் வெடிப்பையும் கொடி மறைத்துவிடும், பந்தும் அதற்குள் சிக்கும். அந்த வெற்று அடிமரத்தைச் சுற்றி ஆறடி உயரத்துக்கு நாலு அங்குல நுரைப்பாய் கட்டுங்கள். ஆணி வேண்டாம், அகலப் பட்டைக் கயிறு. ஆட்டம் முடிந்த அன்றே அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் நின்று பூஞ்சைக்கு இடமாகும்.

வெட்டலாம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று. மலைப்பகுதி மரங்களுக்குத் தமிழ்நாட்டில் 1955-லிருந்து தனிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. கிளை கழிப்பதற்கும் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னங்குறிச்சி

வட்டம் போட பாக்கெட் சுண்ணாம்பு வாங்கிடாதீங்க. சுட்ட சுண்ணாம்பும் நீத்த சுண்ணாம்பும் புல்லை எரிக்கும், டைவ் அடிக்கிற பீல்டர் கண்ணுல பட்டா பார்வைக்கே கேடு. கோடு போடுறதுக்குன்னு விக்கிற சாக் பவுடர் வாங்குங்க, அது வெறும் கால்சியம் கார்பனேட். சேலத்துல வெள்ளைக்கல்லு மலிவாக் கிடைக்குதுன்னு அந்தத் தூளையும் கேப்பாங்க. வெள்ளைக்காரன் அதைப் பாத்துட்டு 'சாக் ஹில்ஸ்'னு பேரு வச்சான், ஆனா அது சாக் இல்லை, மேக்னசைட். நிஜ சாக் குன்று கென்ட் பக்கம், டோவர் கடற்கரையில இருக்கு. நம்ம வெள்ளைக்கல்லு உலைச்செங்கலுக்குத்தான்.

அப்புறம் கேன்டர்பரி மட்டும்தான்னு நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவுல பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிட்டி ஓவல்லயும் பவுண்டரிக்குள்ள மரம் உண்டு. 2003 உலகக் கோப்பை ஆட்டம் அங்க நடந்திருக்கு. கூட்டத்துல யாராவது 'ஒரே ஒரு ஊருல நடந்ததை வச்சுப் பேசாதீங்க'ன்னு சொன்னா இதையும் எடுத்துச் சொல்லலாம்.

நாகலூர் ரோடு

தட்டிப் பாத்தாச்சுங்க. ஒரு பக்கம் முழங்கால் உயரத்துல மட்டும் சத்தம் மாறுது, காளான் எதுவும் இல்லை. மாத்துக்கன்று இப்பவே வைக்கணுமா? அதே சில்வர் ஓக்கே வைக்கலாமா?

சேர்வராயன் நாற்றங்கால்

அந்த ஒரு பக்கத்தை நுரைப்பாயால மூடாதீங்க, ஒவ்வொரு மழைக்காலம் முடிஞ்சதும் அதே இடத்துல தட்டிப் பார்த்துத் தேதி போட்டு எழுதி வையுங்க. சத்தம் மாறுற இடத்தைச் சுத்திச் சாக்கால கோடு போட்டு, அகலம் கூடுதான்னு அளந்தா போதும்.

மாற்றுக்கன்று இந்த வருசமே வையுங்க. இப்போது இருக்கும் இடத்தில் இல்லை, கயிற்றுக்கு வெளியே, வெயில் படுற ஓரத்தில். இனம் எனக்குச் செண்பகம் பிடிக்கும். சேர்வராயன் மலைக் குளிருக்கும் மழைக்கும் ஒத்து வரும், சில்வர் ஓக் அளவுக்குக் கிளை முறியாது. நாவல் அதைவிட உறுதிதான், ஆனால் பழம் உதிரும் காலத்தில் அவுட்ஃபீல்டும் வெள்ளை உடுப்பும் நாசமாகும்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. மேல்மண் இரண்டு பங்குக்கு மட்கு ஒரு பங்கு. கன்றின் கழுத்து மண் மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு பக்கமும் ஊன்றுகோல், கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் தளர்வான கட்டு. கொஞ்சம் ஆட விட்டால்தான் அடி தடிக்கும். ஒரு வருடத்தில் கட்டை அவிழ்த்துவிடுங்கள். முதல் கோடையில் வாரம் இரண்டு முறை, ஒரு குடம் தண்ணீர்.

பின்னால் இடம் மாற்ற வேண்டி வந்தால் ஆறு மாதம் முன்பே சுற்றிலும் மண்வெட்டியால் வேரைக் கொத்தி விட வேண்டும், தண்டு விட்டத்தின் பத்து மடங்கு அகலத்தில் வட்டமாக. உள்ளே புது வேர் கூட்டமாக வந்துவிடும். ஆனியில் மழை பிடித்ததும் வேர்ப்பந்தோடு சாக்கில் கட்டித் தூக்கலாம். தண்டு இரண்டு அங்குலம் தாண்டிவிட்டால் ஆளால் தூக்க முடியாது, அதற்குள் முடிவு செய்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி ஸ்கோர்புக்

உங்கள் ஸ்கோரருக்கு ஒரு வேண்டுகோள். மரத்தில் பட்ட நாலுக்கு அம்பயர் காட்டுவது வழக்கமான பவுண்டரி சைகைதான், ஓவர் கட்டத்திலும் 4 என்றே எழுத வேண்டும். கூடவே ஓரக் குறிப்பில் ஓவர் எண், பந்து எண், பேட்ஸ்மேன் பெயர், 'மரம்' என்று ஒரு சொல் எழுதி வையுங்கள். படாமல் மேலே தாண்டிய ஆறு என்றால் 'மரம் மேல்'. கேன்டர்பரியின் நான்கு பேர் பட்டியல் இன்று கைக்குக் கிடைப்பது அன்றைக்கு யாரோ எழுதி வைத்ததால்தான். மரத்தின் உயரத்தையும் முதல் பக்கத்தில் குறித்துவிடுங்கள். ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலையும், அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் சமதரையில் அளந்தால் போதும். குச்சி நிழல் 80 செ.மீ., மர நிழல் 14.4 மீட்டர் என்றால் உயரம் 18 மீட்டர்.

நாகலூர் ரோடு

ஞாயித்துக்கிழமை கூட்டம். போர்டு வாசகம், 7 மீட்டர் கணக்கு, கன்றுக்குழி அளவு எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போறேன். நிழல் அளந்து உயரத்தை இங்கயே போடுறேங்க.